ஜிப்சி எஞ்சின் போட்ட கிட் கார்: குறியை வைத்துக் கோளாறு பிடிப்பது

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் தென்னந்தோப்புக்குள் ஷெட் போட்டு, பல வண்டிகளின் பாகங்களைச் சேர்த்துச் சொந்தமாக வண்டி (கிட் கார்) கட்டுகிறவர்கள் உண்டு. பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் பட்டறைப் பேச்சு முழுக்கத் தமிழ். எல்லை தாண்டினால் கோயம்புத்தூர்: லேத், மில்லிங், ஷாஃப்ட் பேலன்சிங் எல்லாம் கிடைக்கும். உக்கடத்தில் பழைய உதிரி. செட்டிபாளையத்தில் கரி ஸ்பீட்வே, 2.1 கிலோமீட்டர் ட்ராக். மாருதி 800 எஞ்சினை வைத்தே இலேசான ரேஸ் வண்டி கட்டிக் காட்டிய கரிவர்தனின் பெயர் அதற்கு. இந்த ஆசை இங்கே தொற்றுவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

கட்டுவது பெரும்பாலும் ஒரே வடிவம்தான். 1957-இல் லோட்டஸ் கம்பெனியின் காலின் சாப்மன் லோட்டஸ் செவன் என்று கொண்டுவந்து, 1973-இல் கேட்டரம் கம்பெனி கைக்குப் போன நீள மூக்கு வண்டி. இரண்டு சீட்டு, கதவு கிடையாது. நம் பக்கத்தில் அதற்குள் போவது மாருதி ஜிப்சியின் 1.3 எஞ்சினும் கியர்பாக்ஸும். நெடுக்கு வசத்தில் உட்காரும், பின்சக்கரத்துக்கு ஷாஃப்ட் போகும், உதிரி கிடைக்கும். பின் ஆக்சில் ஜிப்சியிலிருந்தோ ஆம்னியிலிருந்தோ, ஸ்டீயரிங் ரேக் மாருதி 800-இலிருந்து. சேசிஸ் நீங்களே வெல்டு வைத்த சதுரக் குழாய், மூக்கும் மட்கார்டும் ஃபைபர். எல்லாம் சேர்த்து 550 கிலோ பக்கம் வரும். கீழே உள்ளது இந்த மாதிரி வண்டிக்கு.

தொடங்கும் முன் ஒன்று. கம்பெனி வண்டியில் கோளாறு என்றால் ஏதோ ஒரு பாகம் கெட்டிருக்கும். கிட் காரில் பாகம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஒரு வண்டியின் பாகமும் இன்னொரு வண்டியின் பாகமும் சேரும் இடம்தான் கெட்டிருக்கும். பம்ப், காயில், மாஸ்டர் சிலிண்டர் என்று காசைக் கொட்டி மாற்றுவதற்கு முன், அந்தப் பாகம் எதில் மாட்டியிருக்கிறது, அது முன்பு இருந்த வண்டியில் எப்படி மாட்டியிருந்தது என்று பாருங்கள். இன்னொன்று எடை. ஒரு டன் வண்டிக்காகச் செய்த பிரேக், ஸ்பிரிங், டயர் எல்லாம் பாதி எடையைச் சுமக்கும்போது வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

சோதனை ஓட்டத்தைத் தோப்புப் பாதையிலோ ட்ராக்கிலோ வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவும், கேரள வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் தெளிவு: கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றிய வண்டி சாலைக்கு ஆகாது. ஜிப்சியின் ஆர்.சி. புத்தகத்தைக் காட்டி வாளையார் தாண்டலாம் என்ற யோசனை வேண்டாம். லாரியில் ஏற்றிக்கொண்டு போங்கள்.

சாவி திருப்பினால் 'டக்' என்கிறது, செல்ஃப் சுற்றவில்லை

பேட்டரி சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்தாயிற்று, 12.5 வோல்ட் காட்டுகிறது. அப்படியென்றால் எர்த்தைப் பாருங்கள்.

காரணம் இதுதான். எஞ்சின் ரப்பர் மவுன்ட்டில் உட்கார்ந்திருக்கிறது, ரப்பரில் கரன்ட் போகாது. சேசிஸுக்கு பவுடர் கோட்டிங் அடித்திருக்கிறீர்கள், அதிலும் போகாது. பாடி ஃபைபர், அது சொல்லவே வேண்டாம். கம்பெனி வண்டியில் எந்த இரும்பில் தொட்டாலும் எர்த் கிடைத்துவிடும். இங்கே நீங்கள் ஒயர் இழுத்தால்தான் உண்டு.

மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வையுங்கள். ஒரு முனை பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்தில் (கிளாம்ப்பில் அல்ல, கம்பத்திலேயே), மறுமுனை எஞ்சின் பிளாக்கில் பளபளப்பான இடத்தில். ஒருவர் சாவியைத் திருப்பட்டும். மீட்டர் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பாதையில் தடை இருக்கிறது. 0.2-க்குள் இருந்தால் எர்த் சரி. அதே சோதனையை பாசிட்டிவ் பக்கம், பேட்டரியிலிருந்து செல்ஃப் மோட்டார் போல்ட்டு வரை செய்யுங்கள். பேட்டரியைச் சீட்டுக்குப் பின்னால் வைத்தவர்களுக்குக் கேபிள் நீளம் அதிகம், அதனால் 25 அல்லது 35 சதுர மி.மீ. கேபிள் வேண்டும். பைக் பேட்டரிக்குப் போடும் கேபிள் இதற்குக் காணாது.

இன்னொரு அடையாளம்: செல்ஃப் அடிக்கும்போது ஆக்சிலேட்டர் கேபிளோ கிளட்ச் கேபிளோ கை வைக்க முடியாமல் சுட்டால், கரன்ட் அந்தக் கேபிளின் உள்கம்பி வழியாகத் திரும்பிப் போகிறது என்று அர்த்தம். உடனே நிறுத்துங்கள். பெயின்ட்டைச் சுரண்டி, பின்னல் எர்த் பட்டை ஒன்றை எஞ்சினுக்கும் சேசிஸுக்கும் இடையிலும், இன்னொன்றைச் சேசிஸுக்கும் பேட்டரிக்கும் இடையிலும் போட்டு, மாட்டிய பிறகு மேலே கிரீஸ் தடவுங்கள். இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) வந்தால் சுரண்டிய இடம்தான் முதலில் துரு பிடிக்கும்.

இண்டிகேட்டர் போட்டால் ஹெட்லைட் சேர்ந்து மினுக்குவது, ஹாரன் அடித்தால் டெம்பரேச்சர் முள் ஏறுவது எல்லாம் இதே கோளாறின் தம்பிகள்தான். ஃபைபர் மூக்கில் உள்ள ஒவ்வொரு லைட்டுக்கும் தனி எர்த் ஒயர் சேசிஸ் வரை வர வேண்டும்.

ஐட்லிங் நிற்கவில்லை, ஏறி இறங்குகிறது

எம்.பி.எஃப்.ஐ. எஞ்சின் (கார்புரேட்டர் இல்லாமல் இன்ஜெக்டர் பெட்ரோல் பீய்ச்சுவது) என்றால் முதலில் பார்க்க வேண்டியது இரண்டு இடம். ஒன்று, இன்டேக் மேனிஃபோல்ட் பக்கம் காற்றுக் கசிவு. ஜிப்சியில் பிரேக் பூஸ்டருக்கும் (பெடலை மிதிக்கும் பலத்தைக் கூட்டிக் கொடுக்கும் டப்பா) மற்றதுக்கும் போன வேக்குவம் ஹோஸ்களில் பாதியை நீங்கள் அடைத்திருப்பீர்கள். அடைத்த ரப்பர் மூடி எஞ்சின் சூட்டில் வெடித்துவிடும். சோப்புத் தண்ணீரைச் சிரிஞ்சில் எடுத்து ஒவ்வொரு இணைப்பிலும் விட்டுப் பாருங்கள். உறிஞ்சினால் அங்கேதான் கசிவு. கார்ப் கிளீனர் அடித்துப் பார்ப்பதைச் சிலர் சொல்வார்கள். சூடான எக்ஸாஸ்ட் பக்கத்திலேயே இருக்கும் இந்த வண்டியில் அது தீயோடு விளையாட்டு.

இரண்டு, கிளட்ச் விட்டவுடன் ஆர்.பி.எம். தானாக ஏறினால் ஆக்சிலேட்டர் கேபிளின் வெளி உறை சேசிஸில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சின் மவுன்ட்டில் அசையும், சேசிஸ் அசையாது. நடுவில் கேபிள் இழுபடும். உறையின் எஞ்சின் பக்க முனையை எஞ்சினிலேயே, த்ராட்டில் பக்கத்துப் பிராக்கெட்டில் பிடித்துவிட்டால் தீர்ந்தது.

கியர் விழவில்லை, கரகரக்கிறது

கிளட்ச் பிளேட்டைச் சந்தேகப்பட்டு கியர்பாக்ஸை இறக்கிவிடாதீர்கள். ஒருவரை உட்கார வைத்து பெடலை அழுத்தச் சொல்லி, நீங்கள் மூக்குப் பக்கமிருந்து பெடல் மாட்டிய தகட்டைப் பாருங்கள். தகடு முன்னால் வளைந்து வந்தால் பெடலின் பயணம் அங்கேயே செலவாகிறது. பின்னால் ஒரு 3 மி.மீ. பட்டை வைத்து சேசிஸ் குழாயோடு சேர்த்து வெல்டு வைத்தால் சரியாகிவிடும். பிரேக் பெடலுக்கும் இதே பார்வை பாருங்கள், அங்கே இன்னும் முக்கியம்.

டிரான்ஸ்ஃபர் கேஸை (இழுவையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரிக்கும் பெட்டி) கழற்றிவிட்டு கியர்பாக்ஸிலிருந்து நேராக ஷாஃப்ட் கொடுத்தவர்களுக்கு ஒரு தகவல். ஜிப்சியின் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஹை ரேஞ்சிலேயே 1.4 பக்கம் குறைப்புக் கொடுக்கும். அது போனதால் எல்லா கியரும் நீண்டுவிடும். வண்டி இலேசு, சக்கரமும் சிறிது என்பதால் ஓட்டத்தில் பெரிதாகத் தெரியாது. ஆனால் கிளம்பும்போது கிளட்ச் உதறினால் அது இதனால்தான், பிளேட் தேய்ந்ததால் அல்ல. ஸ்பீடோமீட்டர் கேபிள் போகும் இடமும் டிரான்ஸ்ஃபர் கேஸ்தான். அதனால் முள் அசையவில்லை என்று மீட்டரைப் பிரிக்க வேண்டாம், ஜி.பி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கி மாட்டுங்கள்.

எஞ்சின் சூடாகிறது

எங்கள் பக்கத்து நோயே இதுதான். பங்குனி, சித்திரையில் பாலக்காட்டு வெயில் 40 டிகிரியைத் தொடும்போது, கம்பெனி வண்டியில் மறைந்திருக்கும் சின்னக் குறையெல்லாம் இங்கே வெளியே வந்துவிடும்.

முதல் கேள்வி: எப்போது சூடாகிறது? நின்றால் சூடாகி ஓடினால் இறங்குகிறதா, நின்றால் சரியாக இருந்து ஓடினால் ஏறுகிறதா? இதற்கு விடை சொல்லாமல் யாரும் உங்களுக்கு உதவ முடியாது.

நின்றால் சூடாகிறது என்றால் ஃபேன். ஃபேன் சுற்றுகிறது என்றால் போதாது, எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று பாருங்கள். ஒரு மெல்லிய காகிதத்தை ரேடியேட்டரின் முன்பக்கம் பிடியுங்கள், ஒட்டிக்கொள்ள வேண்டும். பறந்தால் ஃபேன் காற்றை முன்பக்கம் தள்ளுகிறது. ரேடியேட்டருக்குப் பின்னால் இருந்த ஃபேனை இடமில்லை என்று முன்னால் மாட்டியபோது திசை மாறியிருக்கும். மோட்டாரின் இரண்டு ஒயரையும் மாற்றிக் கொடுத்தால் எதிர்ப்பக்கம் சுற்றும், ஆனால் இறக்கையின் வளைவு அந்தத் திசைக்குச் செய்ததல்ல, காற்று குறையும். மாட்டும் இடத்துக்கேற்ற ஃபேன் வாங்குவதே மேல்.

ஓடும்போது ஏறுகிறது என்றால் காற்றோ தண்ணீரோ போக வேண்டிய வழியில் போகவில்லை. செவன் மூக்கின் வாய் சின்னது. அதற்கும் ரேடியேட்டருக்கும் நடுவே நான்கு புறமும் இடைவெளி விட்டிருந்தால், உள்ளே வந்த காற்று ரேடியேட்டரைச் சுற்றிக்கொண்டு போய்விடும். காற்றுக்குச் சிரமப்பட்டு நுழைய என்ன தலையெழுத்து? அலுமினியத் தகடு வெட்டி, ஓரத்தில் ஃபோம் ஒட்டி, மூக்கின் வாயிலிருந்து ரேடியேட்டர் விளிம்பு வரை பெட்டி மாதிரி அடையுங்கள். பெரிய ரேடியேட்டர் வாங்குவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். பெரும்பாலும் அதற்கப்புறம் ரேடியேட்டர் பேச்சே வராது. அப்புறம் காற்று வெளியே போகவும் வழி வேண்டும். பானெட்டில் கில் (காற்று போகும் வரித்துளைகள்) வெட்டாமல் அழகு பார்க்கிறவர்கள் சூட்டையும் பார்க்க வேண்டியதுதான்.

எப்போதும் சூடாகிறது, ஹீட்டர் ஹோஸ் ஒன்று கொதிக்க இன்னொன்று குளிர்ச்சி என்றால் காற்றுப்பூட்டு. ஜிப்சியில் ரேடியேட்டர் மூடிதான் உயரமான இடம், ஊற்றினால் காற்று தானாக மேலே வந்துவிடும். உங்கள் வண்டியில் மூக்கு தாழ்வு. ரேடியேட்டர் மூடி எஞ்சின் ஹெட்டுக்குக் கீழே இருக்கிறது. அதில் எவ்வளவு ஊற்றினாலும் ஹெட்டில் காற்று நிற்கும். தீர்வு: எஞ்சினின் எல்லா இடத்தையும்விட உயரத்தில் தண்ணீர் ஊற்ற ஒரு தனி ஹெடர் டேங்க், பிரஷர் மூடி அதில் மட்டும். பழைய ரேடியேட்டர் மூடி இருக்கும் இடத்தில் வால்வு இல்லாத சாதா மூடி. ஹெட்டின் உச்சியிலிருந்து டேங்குக்கு ஒரு மெல்லிய ஹோஸ், டேங்கின் அடியிலிருந்து வாட்டர் பம்ப்பின் உறிஞ்சும் பக்கத்துக்கு ஒரு தடித்த ஹோஸ். ஊற்றும்போது முன்சக்கரத்தை ஜாக்கியில் ஏற்றுங்கள், ஹோஸ்களைக் கையால் பிசைந்து கொடுங்கள்.

லேத் பட்டறையில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது:

"பம்ப்பு மாத்தியாச்சுங்க, தெர்மோஸ்டாட்டையும் கழட்டிப் போட்டாச்சுங்க, அப்படியேதான் ஏறுது."

"தெர்மோஸ்டாட்ட எதுக்குங்கண்ணா கழட்டுனீங்க? அத மொதல்ல திரும்ப மாட்டுங்க."

அவர் சொல்வது சரி. தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் தண்ணீர் இஷ்டத்துக்கு ஓடும், எஞ்சினுக்குள் அழுத்தம் நிற்காமல் ஹெட்டில் ஆங்காங்கே கொதிக்கும். சோதனைகளுக்கு விடையும் குழம்பிப்போகும். 82 டிகிரியில் திறக்கும் தெர்மோஸ்டாட்டும் 0.9 பார் மூடியும் போட்டிருங்கள். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே 118 டிகிரி பக்கம்தான் கொதிக்கும், கூலன்ட் சேர்த்தால் இன்னும் மேலே. சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கக் கூடாது என்பதற்கும் காரணம் அதுவே.

இவ்வளவும் சரியாக இருந்து, குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த உடனே ஹெடர் டேங்கில் விடாமல் குமிழ் வந்தால் ஹெட் கேஸ்கெட். அதற்கு ஷெட்டில் செய்ய ஒன்றுமில்லை, ஹெட்டைக் கழற்றி ஸ்கிம்மிங் (முகத்தைச் சீவி மட்டமாக்குவது) கொடுத்து, புதுக் கேஸ்கெட் போட வேண்டியதுதான்.

வளைவில் எஞ்சின் அணைந்து அணைந்து வருகிறது

நேர்ப்பாதையில் நன்றாக ஓடி, நீண்ட வளைவில் மட்டும் இருமினால் பெட்ரோல் ஒதுங்குகிறது. டேங்கில் உறிஞ்சும் குழாய் எந்தப் பக்கம் இருக்கிறதோ, அதற்கு எதிர்ப்பக்கம் பெட்ரோல் ஓடும் வளைவில்தான் இருமும். வலப்புறம் குழாய் என்றால் வலப்புற வளைவில் பிரச்சினை, ஏனென்றால் பெட்ரோல் இடப்புறம் ஒதுங்கும். டேங்க் முழுக்க நிரப்பி ஓட்டிப் பாருங்கள். கோளாறு மறைந்தால் உறுதி. டேங்குக்குள் தடுப்புத் தகடோ, பம்ப்புக்கு எப்போதும் பெட்ரோல் வைத்திருக்கும், அரை லிட்டர் பிடிக்கும் ஸ்விர்ல் பாட் என்ற குட்டி டேங்க் ஒன்றோ வேண்டும். எம்.பி.எஃப்.ஐ. பம்ப் 2.5 முதல் 3 பார் அழுத்தத்தில் வேலை செய்யும். ஒரு நொடி காற்றை விழுங்கினாலும் இன்ஜெக்டர் பட்டினி.

அதே வளைவில் ஆயில் லைட் மின்னினால் விஷயம் வேறு, விளையாட்டு கிடையாது. உடனே ஓட்டத்தை நிறுத்துங்கள். தரைக்கு இடைவெளி வேண்டும் என்று சம்ப்பை (எஞ்சினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டி) வெட்டிக் குட்டையாக்கியிருப்பீர்கள். ஆயில் பக்கவாட்டில் ஏறிவிட, பிக்கப் (ஆயில் உறிஞ்சும் குழாய்) வெறும் காற்றை இழுக்கிறது. பேரிங் போக ஒரு வளைவு போதும். சம்ப்புக்குள் பிக்கப்பைச் சுற்றிப் பெட்டி மாதிரி தகடு, அதில் உள்நோக்கி மட்டும் திறக்கும் ரப்பர் கதவு. குட்டையாக்கியபோது கொள்ளளவு குறைந்திருந்தால் பக்கவாட்டில் இறக்கை வைத்து அதைத் திரும்பக் கொண்டுவாருங்கள். ஆயிலைக் குறிக்கு மேலே ஊற்றிச் சமாளிப்பது வைத்தியம் அல்ல. கிராங்க் அதை அடித்து நுரையாக்கும்.

மதியத்தில் மட்டும், நிறுத்தி எடுத்தால் மட்டும் இருமுகிறதா? பெட்ரோல் குழாய் எக்ஸாஸ்டுக்கு அருகில் போகிறது. தள்ளி எடுத்துப் போய், வெப்பத்தடை உறை போடுங்கள்.

பிரேக் பெடல் ஸ்பாஞ்ச் மாதிரி இறங்குகிறது

பிளீடிங் (லைனில் உள்ள காற்றை வெளியேற்றுவது) செய்தும் செய்தும் தீரவில்லையா? காலிப்பரின் பிளீடர் நிப்பிள் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். மேலே இருக்க வேண்டும். ஜிப்சி காலிப்பரை உங்கள் அப்ரைட்டில் (ஹப்பைத் தாங்கும் பாகம்) மாட்டும்போது, ஆக்சிலின் முன்பக்கமா பின்பக்கமா என்று இடம் மாறியிருந்தால் இடது வலது மாறி, நிப்பிள் கீழே வந்துவிடும். காற்று மேலே நிற்கும், நீங்கள் கீழே திறந்து ஆயிலை வடித்துக்கொண்டிருப்பீர்கள். போல்ட்டைக் கழற்றி, டிஸ்க் கனத்துக்கு ஒரு மரத்துண்டை பேடுகளுக்கு நடுவே வைத்து, நிப்பிள் மேலே வரும்படி காலிப்பரைக் கையில் பிடித்துக்கொண்டு பிளீடிங் செய்தால் ஒரே தடவையில் பெடல் கெட்டியாகும். நிரந்தரத் தீர்வு, காலிப்பரை இடம் மாற்றி மாட்டுவது.

பெடல் கெட்டி, ஆனால் வண்டி நிற்கவில்லை என்கிறவர்கள் வேறு வகை. பூஸ்டர் எடுத்துவிட்டீர்கள், ஆனால் பெடல் ஜிப்சியுடையது. பூஸ்டர் இல்லாத பெடலுக்கு நெம்பு விகிதம் 5 அல்லது 6-க்கு 1 வேண்டும். பெடலின் பிவட்டிலிருந்து மிதிக்கும் இடம் வரை ஒரு அளவு, பிவட்டிலிருந்து புஷ்ராட் வரை இன்னொரு அளவு; முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் விகிதம். 4-க்குக் கீழே வந்தால் புஷ்ராட்டை பிவட்டுக்கு நெருக்குங்கள். இன்னும் கனமாக இருந்தால் சின்னத் துளை மாஸ்டர் சிலிண்டர். பெடல் சற்று நீளமாக இறங்கும், அழுத்தம் கூடும்.

பின்சக்கரம் முதலில் பூட்டி வண்டி வாலாட்டுகிறது என்பதுதான் இதில் ஆபத்தானது. ஜிப்சியின் பின் டிரம் ஒரு டன் வண்டியையும் ஐந்தாறு ஆட்களையும் நிறுத்தச் செய்தது. உங்கள் வண்டியின் வாலில் அந்த எடை இல்லை. பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தைக் குறைக்க, பின் லைனில் அட்ஜஸ்ட் செய்யக்கூடிய பயஸ் வால்வு போடுங்கள். ஈரத்தரையில், மெதுவாக, ஆளில்லாத இடத்தில் திடீரென்று மிதித்துப் பார்த்து, முன்சக்கரம்தான் முதலில் பூட்டுகிறது என்று உறுதியாகும் வரை குறைத்துக்கொண்டே வாருங்கள். இது முடியாமல் ட்ராக்குக்குப் போக வேண்டாம்.

டாட் 4 பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி தாங்கும். ஈரம் குடித்துவிட்டால் 155 வரை இறங்கலாம். நம் ஊர் மழைக்கு வருடம் ஒரு முறை மாற்றிவிடுவது நல்லது.

ஸ்டீயரிங் இழுக்கிறது, குழியில் விழுந்தால் தானாகத் திரும்புகிறது

முதலில் டயர் காற்று. 32 பி.எஸ்.ஐ. என்று மாருதிக் கணக்கில் அடித்திருந்தால் வேறு எதையும் பார்க்க வேண்டாம். 550 கிலோ வண்டிக்கு 18 முதல் 20 போதும். அதிகக் காற்றில் டயரின் நடு மட்டும் தரையைத் தொடும், ஒவ்வொரு கல்லுக்கும் வண்டி துள்ளும். பெட்ரோல் பங்கில் காற்று அடிக்கிற தம்பி '18-ஆ?' என்று உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். பரவாயில்லை, சொன்னதையே திரும்பச் சொல்லுங்கள். காற்றை இறக்கியவுடனே பாதிப் பேரின் 'சஸ்பென்ஷன் கோளாறு' காணாமல் போகிறது.

அது சரியாகியும் குழியில் விழும்போது ஸ்டீயரிங் கையைப் பறித்தால் பம்ப் ஸ்டீர், அதாவது சக்கரம் மேலும் கீழும் போகும்போது தானாகத் திரும்புவது. முன் ஸ்பிரிங்கைக் கழற்றி, சக்கரத்தை ஜாக்கியால் மேலும் கீழும் ஏற்றி இறக்குங்கள். ஸ்டீயரிங்கைப் பூட்டிவிட்டு, ஹப்பில் ஒரு நேரான பலகையைக் கட்டி, அதன் முன்முனையும் பின்முனையும் ஒரு கயிற்றிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று அளங்கள். 30 மி.மீ. ஏற்ற இறக்கத்தில் வித்தியாசம் ஒரு மி.மீ.க்குள் இருந்தால் நல்லது. கூடினால் 800 ரேக்கின் நீளமோ உயரமோ உங்கள் விஷ்போனோடு (சக்கரத்தைச் சேசிஸோடு சேர்க்கும் கை) ஒத்துப்போகவில்லை. மேல், கீழ் விஷ்போன்களின் உள் பிவட்டுகளைச் சேர்க்கும் கோட்டில் ரேக்கின் உள் பால் ஜாயின்ட் ஏறக்குறைய விழ வேண்டும். உயரத்தை ஷிம் (மெல்லிய தகடு) வைத்துச் சரிசெய்யலாம். நீளம் தவறு என்றால் லேத்தில் ரேக் முனைக்கு எக்ஸ்டென்ஷன் போட வேண்டிவரும்; ஸ்டீயரிங் பாகம் என்பதால் அதை வெல்டு வைத்துச் செய்யாதீர்கள், மரை வெட்டி லாக் நட்டு போட்டுச் செய்யுங்கள்.

வளைவு முடிந்தும் ஸ்டீயரிங் நடுவுக்குத் திரும்பி வரவில்லையென்றால் காஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சு பின்பக்கம் சாயும் கோணம்) போதவில்லை. 5 டிகிரி பக்கம் கொண்டுவந்து பாருங்கள்.

இடப்புற வளைவில் ஒரு மாதிரி, வலப்புறத்தில் வேறு மாதிரி என்றால் நாலு மூலை எடை பார்க்க வேண்டும். ரேஸ் டீம் தராசு தேவையில்லை. கொப்பரை வியாபாரியிடம் 300 கிலோ எலக்ட்ரானிக் தராசு இருக்கும். ஒரு நாள் இரவல் கேளுங்கள். தராசு ஒன்றுதான் கிடைத்தது என்றால் அதே உயரத்துக்கு மூன்று பலகை அடுக்குங்கள், மூலை மூலையாக மாற்றி வையுங்கள். நெல் காயப்போடும் களம்தான் இங்கே கிடைக்கும் பெரிய சிமென்ட் தரை, ஆனால் மழைத்தண்ணீர் வடிய அது சாய்த்துத்தான் போட்டிருக்கும். கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவலை வாங்கி, நாலு சக்கரம் நிற்கும் இடத்துக்கும் மட்டம் பிடித்து, குறைந்த இடத்தில் தகடு வையுங்கள். இந்த வேலையை அவசரப்பட்டால் அப்புறம் பார்க்கும் எடை எல்லாம் பொய்.

ஓட்டுகிறவர் சீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும், டேங்க் பாதி. மொத்தம் 620 கிலோ வருகிறது, முன் வலது 165, பின் இடது 150 என்று வைத்துக்கொள்வோம். குறுக்காக இந்த இரண்டையும் கூட்டினால் 315, மொத்தத்தில் 51 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. 50-க்கு ஒரு சதவீதம் இப்படி அப்படி என்றால் விட்டுவிடலாம். அதிகம் வித்தியாசம் என்றால் ஒரு மூலையின் ஸ்பிரிங் நட்டை ஏற்றுங்கள்: அந்த மூலையிலும் அதற்குக் குறுக்கே உள்ள எதிர் மூலையிலும் எடை கூடும், மற்ற இரண்டில் குறையும். அரை அரைச் சுற்றாகப் போங்கள். ஒவ்வொரு முறையும் வண்டியைக் கையால் அமுக்கி ஆட்டிவிட்டு, அப்புறம்தான் தராசைப் படிக்க வேண்டும்.

ஒரு வேகத்துக்கு மேல் அதிர்வு

அந்த வேகத்தில் நியூட்ரல் போட்டுப் பாருங்கள். அதிர்வு நின்றால் எஞ்சின், கிளட்ச், மவுன்ட் பக்கம். நிற்கவில்லை என்றால் சக்கரம் அல்லது ஷாஃப்ட். சக்கரம் பேலன்ஸ் செய்தாயிற்றென்றால் ஷாஃப்ட்தான்.

ஷாஃப்டை வெட்டிக் குட்டையாக்கியபோது இரண்டு முனை யோக்குகளும் (கிராஸ் மாட்டும் கவைகள்) ஒரே வசத்தில் வெல்டு ஆகியிருக்கிறதா? ஒன்று கால் சுற்றுத் திரும்பியிருந்தால் அதிர்வு எந்தப் பேலன்சிங்கிலும் போகாது. அடுத்து கோணம். கியர்பாக்ஸ் வெளிமுனையும் பின் ஆக்சிலின் பினியன் முனையும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும், போன் லெவல் ஆப்பிலேயே அளக்கலாம். ஒவ்வொரு கிராஸிலும் 1 முதல் 3 டிகிரி கோணம் நல்லது. பூஜ்யமாக இருந்தால் ஊசி பேரிங் அசையாமல் ஒரே இடத்தில் தேயும். பின் ஆக்சிலின் கிரவுன் ஹவுசிங் நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் தள்ளியிருந்தால் மேலிருந்து பார்க்கும் கோணத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். ஷாஃப்டைச் சுற்றி ஒரு இரும்பு வளையம் கட்டாயம். அது உங்கள் இடுப்புக்குப் பக்கத்தில் சுற்றுகிற இரும்பு.

கடகட, கிரீச்

சத்தம் வந்த இடத்தில் ஒரு ஸ்பேனரை வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் ஏதோ ஒரு நட்டு லூஸ். முறுக்கி முடித்த ஒவ்வொரு நட்டிலும் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுவையுங்கள். கோடு விலகினால் நட்டு நகர்ந்திருக்கிறது. கீழ் விஷ்போனின் ரோஸ் ஜாயின்ட்டில் (உருண்டை மூட்டு) செம்மண் புகுந்தால் சீக்கிரம் ஆட்டம் கொடுக்கும், ரப்பர் பூட் போடுங்கள்.

விஷ்போன் பிராக்கெட் வெல்டுக்குப் பக்கத்தில், பெயின்ட்டில் மயிரிழை போல ஒரு துருக்கோடு தெரிந்தால் அது கீறல் அல்ல, விரிசல். 25 மி.மீ. குழாய், 1.6 மி.மீ. தடிமன், அதன்மேல் மறுபடி வெல்டு ஓட்டினால் பக்கத்தில் விரியும். குழாயை அறுத்தெடுத்து, உள்ளே ஸ்லீவ் வைத்து, குறுக்கே முட்டுக் கொடுத்துக் கட்டுங்கள்.

மழைக்காலம் முடிந்து எடுத்தால் கிளம்பவில்லை

இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். பாதி டேங்கில் மாதக்கணக்கில் நின்றால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் பிரிந்து நிற்கும், பம்ப் முதலில் உறிஞ்சுவது அதைத்தான். டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வையுங்கள். இரண்டு அடுக்காகத் தெரிந்தால் முழுவதையும் வடித்துவிட வேண்டும். பழைய ரப்பர் ஹோஸை விரலால் மடக்கிப் பாருங்கள், வெடிப்பு தெரிந்தால் எத்தனால் தாங்கும் ஹோஸ் மாற்றுங்கள். ஃபைபரில் பெட்ரோல் டேங்க் செய்தவர்கள் அதை இப்போதே அலுமினியத்துக்கு மாற்றிவிடுவது நல்லது. சாதாரண பாலியஸ்டர் ரெசினை எத்தனால் மெல்ல இளக்கி, அந்தப் பசை இன்ஜெக்டரில் போய் நிற்கும்.

கிளம்பியது, ஆனால் நகரவில்லை என்றால் பின் பிரேக் ஷூ டிரம்மில் ஒட்டியிருக்கிறது. கியரில் போட்டு இழுக்காதீர்கள், லைனிங் உரிந்து வந்துவிடும். சக்கரத்தைக் கழற்றி, டிரம்மின் ஓரத்தில் சுத்தியலால் சுற்றித் தட்டினால் விட்டுவிடும். ஹேண்ட்பிரேக் போடாமல், சக்கரத்துக்குக் கட்டை வைத்து நிறுத்தினால் அடுத்த மழைக்கு இந்த வேலை இருக்காது.